கடவுச்சொல் நம்ம மடியில இருக்கணும்!
அரசு கொள்முதலும் கணினியும் – மகளிர் குழுக்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

(நமது கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம். கூட்டத்துக்கு வர முடியாத உறுப்பினர்களுக்காக இங்கே தருகிறோம். ஊக்குநர்கள் தங்கள் குழுக் கூட்டத்தில் வாசித்துக் காட்டும்படி கேட்டுக்கொள்கிறோம்.)



இன்றைக்கு டெண்டர் பற்றிப் பேசப் போகிறேன் என்று சொன்னதுமே, வாசலில் ஒரு அக்கா சிரித்துக்கொண்டே கேட்டார்: "டெண்டரா? அது ஜீப்புல வர்ற கான்ட்ராக்டருங்க சமாச்சாரமாச்சே, நமக்கு எதுக்கு தாயி?"

நல்ல கேள்வி. அதில் இருந்தே ஆரம்பிப்போம்.

நம்ம வீட்டுப் பிள்ளை பள்ளிக்கூடத்துக்குப் போகுது. அது போட்டிருக்கிற சீருடை, கையில் இருக்கிற பாடப்புத்தகம், மதியம் சாப்பிடுகிற முட்டை எல்லாமே அரசாங்கம் காசு கொடுத்து யாரிடமோ வாங்கியதுதான். அரசு ஆஸ்பத்திரியில் கட்டுப் போடுகிற துணியும் அப்படித்தான். இப்படி வாங்குவதற்குப் பெயர்தான் அரசு கொள்முதல். இந்த நாட்டில் அரசாங்கத்தை விடப் பெரிய வாடிக்கையாளர் யாரும் கிடையாது.

இந்தக் கொள்முதலில் நம்ம பெண்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள். சிவகாசி அச்சகங்கள் பாடநூல் அச்சடிக்கிற வேலையை எடுக்கும்போது, தாள் மடிக்கிறதும் பைண்டிங் பண்றதும் யார்? ராஜபாளையம் பக்கம் சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணியும் காஸ் துணியும் நெய்கிறார்கள். அந்தத் தறியிலும் துணி மடிப்பிலும் இருப்பது யார்? பள்ளிச் சீருடை தைக்கிற மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கங்களில் இருப்பது யார்? நாம்தான். வேலை நம்முடையது. ஆனால் பில் பெரும்பாலும் வேறு யாரோ ஒருத்தர் பேரில் போகிறது. இந்த இடைவெளியைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச வேண்டும்.

டெண்டர் பெட்டி போய் கணினி வந்த கதை

முன்னாடி எல்லாம் அலுவலகத்தில் ஒரு தகரப் பெட்டி இருக்கும். ஒப்பந்தப்புள்ளிப் படிவத்தை விலைக்கு வாங்கி, நிரப்பி, அரக்கு வைத்து அந்தப் பெட்டியில் போட வேண்டும். படிவம் வாங்கவே போக முடியாமல் வாசலில் ஆள் நிறுத்தி மறித்த கதைகளை நம்ம ஊர்ப் பெரியவர்கள் சொல்வார்கள். நாலு பேர் டீக்கடையில் கூடி, "இந்தத் தடவை உனக்கு, அடுத்த தடவை எனக்கு" என்று பேசி முடிப்பதும் உண்டு. அங்கே ஒரு பெண் போய் நிற்க முடியுமா?

இதை ஒழுங்குபடுத்தத்தான் தமிழ்நாட்டில் ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டம் 1998-இல் இயற்றப்பட்டது. அதற்கான விதிகள் 2000-இல் வந்தன. டெண்டரை ரகசியமாக விடக் கூடாது, அறிவிப்பு வெளியிட வேண்டும் என்கிறது சட்டம். 2 கோடி ரூபாய் வரையிலான டெண்டருக்குக் குறைந்தது 15 நாள் அவகாசம், அதற்கு மேல் என்றால் 30 நாள் அவகாசம் தர வேண்டும் என்கின்றன விதிகள். முடிவு சரியில்லை என்று நினைத்தால், டெண்டர் போட்டவர் 10 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம்.

பிறகு கணினி வந்தது. இன்றைக்குத் தமிழ்நாடு அரசின் மின் கொள்முதல் தளத்தில் டெண்டரை வீட்டில் இருந்தே பார்க்கலாம், போடலாம். இந்த மென்பொருளை உருவாக்கியது நம்ம நாட்டின் தேசிய தகவலியல் மையம்தான். மத்திய அரசு 2016 ஆகஸ்ட் மாதம் 'ஜெம்' என்ற அரசு மின் சந்தையைத் தொடங்கியது. நம்ம ஊர் வாரச்சந்தை மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். விற்கிறவர்கள் கடை விரிக்கிறார்கள், அரசு அலுவலகங்கள் வந்து விலை பார்த்து வாங்குகின்றன. கடையும் ரூபாயும் எல்லாம் கணினிக்குள்ளே நடக்கிறது. 2016-17-இல் இந்தச் சந்தையில் நடந்த வியாபாரம் 422 கோடி ரூபாய். 2024-25-இல் அது 5 லட்சம் கோடி ரூபாயைத் தாண்டிவிட்டது. எட்டு வருஷத்தில் இவ்வளவு வளர்ச்சி. அப்படியென்றால் வியாபாரம் எந்தப் பக்கம் போகிறது என்று நாமே புரிந்துகொள்ளலாம்.

இது நம்ம நாட்டில் மட்டும் இல்லை. தென்கொரியா 2002-லேயே அரசு கொள்முதல் முழுவதையும் ஒரே கணினித் தளத்துக்குக் கொண்டுவந்தது. ஆப்பிரிக்காவில் கென்யா நாடு, அரசு கொள்முதலில் 30 சதவீதத்தைப் பெண்கள், இளைஞர்கள், மாற்றுத்திறனாளிகள் நடத்தும் தொழில்களுக்கு ஒதுக்கியது. 2013-இல் இருந்து அது நடக்கிறது.

நம்ம நாட்டில் பெண்களுக்கு என்ன இருக்கிறது?

குறித்துக்கொள்ளுங்கள். தீர்மான நோட்டில் எழுதினாலும் சரி.

1. மத்திய அரசுத் துறைகளும் மத்திய அரசு நிறுவனங்களும் ஆண்டுக் கொள்முதலில் 25 சதவீதத்தைக் குறு, சிறு தொழில்களிடம் வாங்க வேண்டும். அதற்குள்ளேயே பெண்கள் நடத்தும் தொழில்களுக்கு 3 சதவீதம், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் நடத்தும் தொழில்களுக்கு 4 சதவீதம் தனி. 2012-இல் போட்ட ஆணையை 2018-இல் திருத்தித்தான் பெண்களுக்கான இந்தப் பங்கு வந்தது.

2. 358 பொருட்களைக் குறு, சிறு தொழில்களிடம் மட்டுமே வாங்க வேண்டும் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. நம்ம சத்திரப்பட்டி பேண்டேஜ் துணியும் காஸ் துணியும் அதில் உண்டு. ஊறுகாயும் உண்டு!

3. இந்தக் கொள்கையின்படி குறு, சிறு தொழில்களுக்கு டெண்டர் படிவம் இலவசம். முன்வைப்புத் தொகையும் கட்ட வேண்டியதில்லை. (இது மத்திய அரசுக் கொள்முதலுக்கு. மாநில அரசு டெண்டர் என்றால் அந்தந்த அறிவிப்பில் என்ன சலுகை என்று படித்துப் பார்க்க வேண்டும்.)

4. ஜெம் சந்தையில் பெண்களும் மகளிர் குழுக்களும் விற்பதற்காக 'வுமனியா' என்ற திட்டம் 2019 ஜனவரியில் தொடங்கப்பட்டது. 10 லட்சம் ரூபாய் வரையிலான ஆர்டருக்குக் கமிஷன் இல்லை என்று 2024-இல் அறிவித்தார்கள்.

இதற்கெல்லாம் முதல் சாவி 'உத்யம்' பதிவு. 2020 ஜூலை முதல் இந்தப் பதிவு நடைமுறையில் இருக்கிறது. சுய உதவிக் குழுவின் பேரிலேயே பதியலாம். இதற்கு ஒரு பைசா கட்டணம் கிடையாது. அரசு தளம் மாதிரியே தோற்றம் காட்டி ஆயிரம், ரெண்டாயிரம் கேட்கிற போலித் தளங்கள் இருக்கின்றன. காசு கேட்டாலே அது போலி என்று தெரிந்துகொள்ளுங்கள். விருதுநகரில் உள்ள மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டால் சரியான வழி சொல்வார்கள்.

"நம்ம பேருக்கு அவ்வளவு மதிப்பா?"

சலுகை இருக்கிற இடத்தில் எறும்பும் வரும் இல்லையா?

நம்ம குழு ஒன்றுக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஊர் பெயர் வேண்டாம். ஒருத்தர் வந்தார். வெள்ளை வேட்டி, மரியாதையான பேச்சு. "தாயி, உங்க குழு பேர்ல நான் டெண்டர் எடுத்துக்கிறேன். நீங்க ஒரு வேலையும் செய்ய வேணாம். கையெழுத்து மட்டும் போடுங்க. மாசம் 5,000 ரூபாய் குழுவுக்குக் கொடுத்துடுறேன்" என்றார்.

ஜூன் மாதம். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் திறக்கிற நேரம். சும்மா வருகிற 5,000 ரூபாய் யாருக்குக் கசக்கும்? ரெண்டு, மூணு பேர் "போட்டுக் கொடுத்துடுவோமே" என்றார்கள். நான் அவர்களைத் தப்பு சொல்ல மாட்டேன். அந்த வாரம் அவர்கள் வீட்டு நிலைமை எனக்குத் தெரியும்.

அன்றைக்குக் கூட்டத்தில் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். பொருள் தரம் இல்லாமல் போனால் கறுப்புப் பட்டியலில் யார் பேர் வரும்? குழு பேர். ஜி.எஸ்.டி. கட்டாமல் விட்டால் நோட்டீஸ் யாருக்கு வரும்? குழுவுக்கு. வங்கிக் கணக்கில் லட்சக்கணக்கில் பணம் வந்து போனால், அடுத்த தடவை வங்கிக் கடன் கேட்கும்போது மேலாளர் யாரைக் கேட்பார்? ஊக்குநரையும் பிரதிநிதியையும்தான். 5,000 ரூபாய்க்கு இவ்வளவும் நம்ம தலையில்.

அப்போது அதுவரைக்கும் பேசாமல் இருந்த ஒரு மதினி கேட்டார்: "நம்ம பேருக்கு இம்புட்டு மதிப்பு இருந்தா, அதை நாமளே வச்சுப் பொழைக்கக் கூடாதா?"

அவ்வளவுதான். அந்த ஆளுக்கு ஒரு டம்ளர் மோர் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். நான் பத்து வகுப்பு எடுத்திருந்தாலும் அந்த ஒரு கேள்வி அளவுக்குச் சொல்லியிருக்க முடியாது.

என் தப்பு

அடுத்து சொல்லப் போவது வேறு யார் தப்பும் இல்லை, என்னுடையது. இதைச் சொல்லாமல் உங்களுக்குப் புத்தி சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறிகிற பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை வந்தது. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் தொடங்கியது. துணிப்பைக்கு நல்ல காலம் வந்தது. நம்ம பகுதியில் 14 பெண்கள் சேர்ந்து தையல் யூனிட் போட்டார்கள். அதில் ஒன்பது பேர் அதற்கு முன்னால் பட்டாசு ஆபீஸ் வேலைக்குப் போனவர்கள்.

அவர்களுக்குக் கணினிப் பதிவு எல்லாம் நான்தான் செய்து கொடுத்தேன். அந்த யூனிட்டோடு சேர்த்து நாலு குழுக்களுக்கு. அவசரத்தில், வசதிக்காக, நாலுக்கும் என் கைபேசி எண்ணையும் என் மின்னஞ்சலையும் கொடுத்தேன். கடவுச்சொல் என் டைரியில். "அக்கா, ஓ.டி.பி. வந்தா நான் பார்த்துக்கிறேன், நீங்க தைக்கிற வேலையைப் பாருங்க" என்றேன். உதவி செய்வதாகத்தான் நினைத்தேன்.

ஓர் அலுவலகத்தில் துணிப்பைக்கு டெண்டர் வந்தது. போட்டோம். மாதிரிப் பை தைத்துக் கொடுத்தோம். பிறகு என் அம்மாவுக்கு உடம்புக்கு முடியாமல் மதுரையில் ஆஸ்பத்திரியில் சேர்த்து 12 நாள் கூட இருந்தேன். போனைச் சரியாகப் பார்க்கவில்லை. அந்த நாட்களில்தான் மின்னஞ்சல் வந்திருக்கிறது: "ஒரு சான்றிதழ் குறைகிறது, மூன்று நாளுக்குள் பதிவேற்றவும்." அந்தச் சான்றிதழ் யூனிட்டின் பீரோவிலேயே இருந்தது. செய்திதான் அவர்களுக்குப் போகவில்லை. நான் திரும்பி வந்து பார்க்கும்போது ஒப்பந்தப்புள்ளி நிராகரிக்கப்பட்டிருந்தது. அலுவலகத்தின் மேல் குறை சொல்ல ஒன்றும் இல்லை. அவர்கள் கேட்டார்கள், பதில் இல்லை.

மூணு மாத வேலை அது. அந்தச் சீசனில் ஒன்பது பேரும் திரும்பப் பட்டாசு ஆபீஸ் வேனில் ஏறினார்கள். காலையில் நான் ஸ்கூட்டியில் வரும்போது அந்த வேன் எதிரே வரும். உள்ளே இருந்து கை காட்டுவார்கள். ஒருத்தர்கூட என்னைக் கோபித்துக்கொள்ளவில்லை. அதுதான் எனக்கு அதிகமாக வலித்தது. வெடி விபத்து என்று செய்தி வந்தால், எந்த ஆபீஸ், எந்த ஊர் ஆள் என்று அடிவயிறு கலங்கப் பார்க்கிற ஊர் நம்ம ஊர். நான் சொல்லி உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை.

தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்த்த பெரியம்மாக்களுக்குத் தெரியும். கணக்குப்பிள்ளை கையில் சிட்டை இருந்தால், நாம் எத்தனை கட்டை அடுக்கினோம் என்பது அவர் சொல்கிறதுதான் கணக்கு. நம்ம கையிலும் ஒரு சிட்டை இருந்தால்தான் கேள்வி கேட்க முடியும். கடவுச்சொல்லும் அப்படித்தான். அது என் டைரியில் இருந்தவரைக்கும், நான் நல்லவளாகவே இருந்தாலும், நான்தான் கணக்குப்பிள்ளை.

கணினியில் என்னென்ன சிக்கல்?

டெண்டரில் தோற்பவர்கள் பலர் விலையில் தோற்பதில்லை. கீழே சொல்கிற சின்னச் சின்ன விஷயங்களில்தான் தோற்கிறார்கள்.

பேர் பொருத்தம்: ஆதாரில் ஒரு பேர், வங்கிக் கணக்கில் இனிஷியல் மாறிய பேர், குழுத் தீர்மானத்தில் வீட்டில் கூப்பிடுகிற பேர். மனிதர்களுக்கு எல்லாம் ஒரே ஆள்தான். கணினிக்கு மூணு ஆள். பணம் வராமல் திரும்பிப் போய்விடும். எல்லா ஆவணத்திலும் ஒரே பேர், ஒரே எழுத்து இருக்கட்டும்.

கடைசி நேரம்: மாலை 3 மணிக்கு முடிகிற டெண்டருக்கு 2.45-க்கு உட்கார்ந்தால், சர்வர் சுற்றிக்கொண்டே இருக்கும். மின்சாரம் போகும். கணினிக்குக் கருணை கிடையாது, 3 மணி என்றால் 3 மணிதான். ரெண்டு நாளுக்கு முன்பே முடித்துவிட வேண்டும்.

திருத்த அறிவிப்பு: டெண்டர் விட்ட பிறகு தேதியையோ அளவையோ மாற்றித் திருத்த அறிவிப்புப் போடுவார்கள். யாரும் வீட்டுக்கு வந்து சொல்ல மாட்டார்கள். ரெண்டு நாளுக்கு ஒரு தடவை தளத்தைத் திறந்து பார்க்க வேண்டும்.

டிஜிட்டல் கையெழுத்து: பென்டிரைவ் மாதிரி ஒரு சின்ன டோக்கனில் வரும். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன்படி அது உங்கள் பேனா கையெழுத்துக்குச் சமம். "பிரவுசிங் சென்டர் தம்பி நல்ல பையன்" என்று அவரிடமே விட்டுவிட்டு வருவது, கையெழுத்துப் போட்ட வெற்றுத்தாளைக் கொடுத்து வருவது மாதிரி.

அனுபவ நிபந்தனை: "மூணு வருஷம் இவ்வளவு வியாபாரம் செய்திருக்க வேண்டும்" என்று கேட்பார்கள். புதுக் குழுவால் முடியாது. நியாயமாகச் சொன்னால் இது பெரிய தடைதான். அதனால் முதலிலேயே பெரிய டெண்டருக்குப் போகாமல், சின்னச் சின்ன ஆர்டர் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் பில்லும் சான்றும் வாங்கிச் சேர்த்து வைக்க வேண்டும். சேமிப்பு மாதிரிதான் அனுபவமும். சிறுகச் சிறுகத்தான் சேரும்.

இறங்கு ஏலம்: நம்ம ஊர் ஏலத்தில் விலை ஏறும். இதில் விலை இறங்கும். யார் குறைவாகக் கேட்கிறார்களோ அவர்களுக்கு ஆர்டர். திரையில் மற்றவர் விலை இறங்க இறங்க நமக்கும் கை துறுதுறுக்கும். உதாரணமாக ஒரு பைக்குத் துணி 24 ரூபாய், நூலும் காதும் 3, தையல் கூலி 8, கரண்டும் வாடகையும் 2, லாரிச் செலவு 2 என்றால் அடக்கவிலை 39 ரூபாய். ஏலத்தில் 36-க்கு இறங்கி ஜெயித்தால், அந்த 3 ரூபாய் எங்கிருந்து வரும்? தையல் கூலியில் இருந்துதான். அதனால் உட்காரும் முன்பே குழுவில் பேசி, இதற்குக் கீழே போக மாட்டோம் என்று தீர்மான நோட்டில் எழுதி வையுங்கள். அந்த எண் வந்ததும் கையை எடுத்துவிட வேண்டும். விட்டுக்கொடுத்து வருவதும் வியாபாரம்தான்.

பணம் வர வேண்டுமே!

ஆர்டர் கிடைத்தால் பாதிக் கிணறுதான் தாண்டியிருக்கிறோம். வாய்ச்சொல்லை நம்பித் தைத்துக் கொடுத்துவிட்டுப் பணத்துக்காக மாதக்கணக்கில் அலைந்த குழுக்கள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கின்றன. கை தூக்கச் சொல்லவில்லை, பார்த்தாலே தெரிகிறது!

2006-ஆம் ஆண்டு வந்த குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் மேம்பாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது? உத்யம் பதிவு பெற்ற குறு, சிறு தொழிலிடம் பொருள் வாங்கியவர், ஒப்பந்தத்தில் தேதி போட்டிருந்தாலும் 45 நாளுக்கு மேல் இழுக்கக் கூடாது. ஒப்பந்தத்தில் ஒன்றும் சொல்லாவிட்டால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வட்டியைப் போல மூன்று மடங்கு, அதுவும் மாதா மாதம் கூட்டு வட்டி. வாங்கியது அரசு அலுவலகமாக இருந்தாலும் இதுதான் சட்டம். புகார் கொடுக்க 'சமாதான்' என்ற இணையதளம் 2017-இல் தொடங்கப்பட்டது. பில் எந்த மேஜையில் நிற்கிறது என்று தெரியாவிட்டால், 2005-ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கட்டணத்தில் மனுப் போட்டுக் கேட்கலாம். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும்.

ஆனால் சட்டத்துக்கு எழுத்து வேண்டும். எழுத்தில் ஆர்டர் இல்லை, பொருளைப் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து இல்லை என்றால், எந்தச் சட்டமும் நமக்குத் துணைக்கு வராது. "சார் சொன்னாரு" என்பது ஆவணம் இல்லை, அக்கா!

பாஸ் புக் சொல்லும் பாடம்

கணினி என்றாலே பயப்படுகிறவர்களுக்கு ஒரு நல்ல செய்தி சொல்கிறேன். நம்ம தமிழ்நாட்டிலேயே, நாடு முழுக்கத் திரும்பிப் பார்த்த ஒரு கொள்முதல் முறை இருக்கிறது. 1994-இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் தொடங்கப்பட்டது. அரசு ஆஸ்பத்திரிகளுக்கு வேண்டிய மருந்துகளை மொத்தமாக டெண்டர் விட்டு வாங்கி, மாவட்டக் கிடங்குகளில் வைப்பார்கள். ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் ஒரு பாஸ் புக். இவ்வளவு ரூபாய்க்கு மருந்து எடுக்கலாம் என்று அதில் இருக்கும். எடுக்க எடுக்கக் கழித்துக்கொண்டு வருவார்கள். எந்தக் கிடங்கில் எந்த மருந்து எவ்வளவு இருக்கிறது என்று கணினியில் பார்ப்பார்கள். வந்த மருந்தின் மாதிரியைச் சோதனைக்கு அனுப்பிய பிறகுதான் விநியோகம். பிறகு கேரளா, ராஜஸ்தான் மாநிலங்களும் இதே மாதிரிக் கழகங்களை அமைத்தன.

யோசித்துப் பாருங்கள். பாஸ் புக், இருப்புக் கணக்கு, வரவு செலவு. இது நம்ம குழுவில் வாராவாரம் செய்கிறதுதானே! பெரிய மென்பொருள் என்று சொல்வதும் அடிப்படையில் இதுதான். என்ன வந்தது, என்ன போனது, யார் கையெழுத்துப் போட்டது, எவ்வளவு மிச்சம்? தீர்மான நோட்டையும் கணக்கு நோட்டையும் ஒழுங்காக எழுதுகிற குழுவுக்குக் கணினி அந்நியம் இல்லை. நோட்டே எழுதாத குழுவுக்கு எந்தக் கணினியும் உதவாது.

இன்னொன்றும் கவனியுங்கள். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கியது. 2023 ஆகஸ்ட் 25-இல் மாநிலம் முழுக்க அரசு தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்தது. மதிய உணவு தந்த காமராசர் பிறந்த மண்ணில், காலை உணவைச் சமைப்பது நம்ம குழுப் பெண்கள். அடுப்புப் பற்ற வைத்த நேரம், சமைத்து முடித்த நேரம், சாப்பிட்ட பிள்ளைகள் எண்ணிக்கை எல்லாம் கைபேசிச் செயலியில் பதிகிறார்கள். முதல் வாரம் "எனக்கு இந்தப் போனெல்லாம் வராதும்மா" என்று அழுத அக்கா, இன்றைக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்து அக்காவுக்குச் சொல்லித் தருகிறார். அரிசி, பருப்பு, ரவை வரவையும் செலவையும் எழுதி வைக்கிற பெண்களுக்கு, டெண்டர் படிவம் எட்டாத பழமா?

ஆனால் ஒன்று. எல்லாம் செயலிக்குள் போகப் போக, எழுதப் படிக்கத் தெரியாத உறுப்பினர்களை நாம் ஓரம் கட்டிவிடக் கூடாது. படிவங்கள் பலவும் இன்னும் ஆங்கிலத்தில்தான் இருக்கின்றன. கல்லூரி படிக்கிற நம்ம பெண் பிள்ளைகளைக் கூட உட்கார வையுங்கள். அவர்கள் வாசித்துச் சொல்லட்டும். முடிவை நீங்கள் எடுங்கள்.

இன்றைக்கு என்ன செய்யப் போகிறோம்?

இதோ என் கையில் நாலு உறை இருக்கிறது. நாலு குழுக்களின் பயனர் பெயர், கடவுச்சொல், பதிவுச் சான்றின் நகல் எல்லாம் இதில் இருக்கின்றன. தளத்தில் என் எண்ணை எடுத்துவிட்டு, அந்தந்தக் குழு வாங்கிய தனி சிம் எண்ணைப் போன வாரமே மாற்றிவிட்டோம். இப்போது ஊக்குநர்கள் முன்னால் வந்து வாங்கிக்கொள்ள வேண்டும். வாங்கின கையோடு இன்று சாயங்காலமே கடவுச்சொல்லை மாற்றிவிட வேண்டும். எனக்குக்கூடச் சொல்லக் கூடாது!

மற்ற குழுக்களுக்கு அடுத்த மாதக் கூட்டத்துக்குள் நாலு வேலை:

• ஆதார், பான், வங்கிக் கணக்கு, குழுத் தீர்மானம் – எல்லாவற்றிலும் பேர் ஒன்றாக இருக்கிறதா என்று சரிபார்த்து வருதல்.

• தொழில் செய்கிற குழுக்கள் உத்யம் பதிவு செய்தல். காசு கொடுக்காமல்!

• குழுவுக்கென்று ஒரு கைபேசி எண்ணும் ஒரு மின்னஞ்சலும். எண் யார் வீட்டு ஆம்பிள்ளை கையிலும் இருக்கக் கூடாது, என் கையிலும் இருக்கக் கூடாது. ரெண்டு உறுப்பினர்கள் பொறுப்பு. ஒருவர் ஊருக்குப் போனால் இன்னொருவர் பார்ப்பார்.

• செய்கிற பொருளுக்கு அடக்கவிலைக் கணக்குப் போட்டுத் தீர்மான நோட்டில் எழுதுதல்.

தையல் யூனிட் என்ன ஆச்சு என்று கேட்பீர்கள். பதினாலு பேரில் எட்டுப் பேர் இப்போது மறுபடி மெஷினில் உட்கார்ந்திருக்கிறார்கள். சின்ன ஆர்டர்கள்தான். எல்லாம் எழுத்தில் வாங்கியவை. மீதிப் பேர் இன்னும் அந்த வேனில்தான் போகிறார்கள். அவர்களுக்கான நாற்காலியும் மெஷினும் அங்கேயே இருக்கிறது. அவர்கள் திரும்பி வருகிற அளவுக்கு ஆர்டர் பிடிப்பது இந்தக் கூட்டமைப்பின் கடமை. என் கடன் அதில் முதலாவது.

முந்தி எல்லாம் நம்ம அம்மாக்கள் காசை மடியில் முடிந்து வைத்திருப்பார்கள். தூங்கும்போதுகூடக் கை அங்கேதான் இருக்கும். இனிமேல் அந்த முடிச்சில் இன்னொன்றும் சேரட்டும். நம்ம பேரும், நம்ம கையெழுத்தும், நம்ம கடவுச்சொல்லும் நம்ம மடியிலேயே இருக்கட்டும்.

ஊக்குநர்கள் வாருங்கள், உறையை வாங்கிக்கொள்ளுங்கள்.